மைனர் சொத்து

என் சிநேகிதன் எழுதிய ஒரு லைப்ரரியை லினக்ஸுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க நான் இரண்டு வருஷத்துக்கு மேல் அலைந்தேன். சேர்க்க முடியவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எவ்வளவோ கஷ்டப்பட்டுக் கடைசியில் ஜெயித்துவிட்டார்கள் என்று முடிகிற விஷயங்களைப் படித்துப் படித்து எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நடக்காமல் போன காரியங்கள்தான் என் வாழ்க்கையில் அதிகம். அதில் இது ஒன்று.

லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கிய நூலகம் இல்லை. வலைப்பக்கம் செய்கிறவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. இன்னொருத்தன் ஏற்கனவே எழுதி வைத்த நிரல்களை எடுத்துத் தன்னுடையதோடு சேர்த்துக்கொள்வான். அப்படி எடுத்துச் சேர்த்துக்கொள்கிற நிரல்களின் கட்டுக்குத்தான் லைப்ரரி என்று பெயர். என் சிநேகிதன் எழுதியது தமிழுக்கானது. அந்தக் காலத்தில் ஆளாளுக்கு ஒரு எழுத்துரு வைத்திருந்தார்கள். ஒரு மெஷினில் தட்டியது இன்னொரு மெஷினில் கோழி கிளறிய மாதிரி தெரியும். அவன் லைப்ரரி அந்தப் பழைய எழுத்துருக்களில் தட்டியதை எல்லாம் வாங்கி, எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோடாக மாற்றிவிடும். பெயர்களை அகர வரிசையில் சரியாக அடுக்கும். இதென்ன பெரிய காரியமா என்று கேட்கிறவர்கள் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெயர்களைக் கம்ப்யூட்டரில் அடுக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு அதைச் சுத்தமாகச் செய்கிற இன்னொரு லைப்ரரியை நான் பார்த்ததில்லை.

அவனுக்கு ஓடைப்பட்டி. வீட்டில் திராட்சைத் தோட்டம். மதுரையில் படித்துவிட்டு அங்கேயே கொஞ்ச நாள் ஒரு கம்பெனியில் இருந்தான். ஒருத்தனுக்குக் கீழே உட்கார நம்மால் ஆகாது என்று திரும்பி வந்து, பழனிசெட்டிபட்டியில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு பிரவுசிங் சென்டர் போட்டான். நான் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம் காலேஜ் விட்டதும் நேரே அவன் கடைதான். ரிசல்ட் பார்க்க வருவார்கள், ஜாதகம் ஸ்கேன் பண்ணி அனுப்ப வருவார்கள். ஏலக்காய் வியாபாரிகள் வந்து, குமுளிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளுக்கு மெயில் போட்டுக் கொடுக்கச் சொல்லி நிற்பார்கள். இத்தனைக்கும் நடுவில் அவன் ஒரு மூலையில் உட்கார்ந்து அந்த லைப்ரரியை எழுதிக்கொண்டிருப்பான்.

எழுதுவது ஒரு வேலை. அதை லினக்ஸுக்கான பொதியாகக் கட்டுவது வேறு வேலை. கம்ப்யூட்டரை ஓட்ட நாங்கள் வைத்திருந்த லினக்ஸ், விண்டோஸ் மாதிரி எந்தக் கம்பெனியின் சரக்கும் இல்லை. பல தேசத்து ஆட்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து கட்டி, எப்போதாவது ஒருமுறை புதுப் பதிப்பு வெளியிடுவார்கள். அதற்குள் ஒரு நிரல் போக வேண்டுமானால் அவர்கள் சொல்கிற முறைப்படிதான் கட்ட வேண்டும். எந்தக் கோப்பு எந்த இடத்தில் இறங்க வேண்டும், இது ஓடுவதற்கு வேறு எதெல்லாம் வேண்டும், எழுதியவர் யார், என்ன உரிமையில் கொடுக்கிறார் என்று ஒவ்வொன்றையும் எழுதி வைக்க வேண்டும். ஒரு தடவை உள்ளே போய்விட்டால் உலகத்தில் எவன் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளலாம். எழுதினவன் கவனிக்காமல் விட்டாலும் மற்றவர்கள் பழுது பார்ப்பார்கள். உள்ளே போகாத நிரல் அவரவர் மெஷினில் கிடந்து, கொஞ்ச நாளில் ஓடாமல் போகும்.

இந்தக் கட்டுகிற வேலையில் அவனுக்குப் பொறுமையே கிடையாது. "நான் பழம் வெட்டித் தாரேன் மாப்ள. பெட்டியில அடுக்குறது உன் வேல" என்பான். எனக்கு அடுக்குகிற வேலைதான் பிடிக்கும். சொந்தமாக யோசித்து ஒன்றை எழுதுகிற மூளை எனக்கு இல்லை என்பது படிக்கிற காலத்திலேயே தெரிந்துபோயிற்று. அவனுக்கு இருந்தது. அதில் எனக்குப் பொறாமை உண்டு, பெருமையும் உண்டு, எது அதிகம் என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

ஒரு நாள் அவன் கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு, "உரிமம் எங்கடா?" என்றேன். எந்தக் கோப்பிலும் ஒரு வரி இல்லை. முதல் கோப்பின் தலையில் மட்டும் தமிழில், 'இது எல்லாருக்கும் பொது, எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தான்.

"அதான் பொதுன்னு எழுதியிருக்கேன்ல?"

"எடுத்துக்கன்னுதான்டா எழுதியிருக்க. மாத்தலாமா, மாத்தி அடுத்தவனுக்குக் கொடுக்கலாமா? அதெல்லாம் வெவரமா எழுதணும். இல்லேன்னா சேக்க மாட்டாக."

"ஏலே, நம்ம ஊர்ல எவன் இதுக்கெல்லாம் கேஸ் போடப் போறான்? எழுதுறேன், எழுதுறேன், போ."

இதைச் சொன்னவன் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன். உத்தமபாளையம் கோர்ட்டு வாசலில் என்றைக்குப் போய்ப் பார்த்தாலும் நம் சனம்தான் நிற்கும். வரப்பை ஒரு சாண் தள்ளி வெட்டினதற்கு நிற்பார்கள், கிணற்றில் முறைத் தண்ணீருக்கு நிற்பார்கள், தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைக்குப் பேரன்கள் நிற்பார்கள். அந்த ஊர்க்காரன் கேஸ் எவன் போடப் போகிறான் என்று கேட்டான். அவனுக்கு உரிமம் என்பது வெள்ளைக்காரன் சம்பிரதாயம். கொடுக்கிறேன் என்று வாயால் சொன்னால் கொடுத்ததுதான். நம் ஆட்கள் நிலத்துக்கு மட்டும்தான் எழுத்து கேட்பார்கள். மற்ற எதையும் எழுதி வாங்கினால் சந்தேகப்படுகிறான் என்று முகம் சுண்டிப்போகும்.

அவன் எழுதவில்லை. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஐப்பசி மழையில், ஊருக்குப் போயிருந்தவன் தோட்டத்தில் மோட்டாரை நிறுத்தப் போனான். ஒயர் எங்கேயோ உரசிப் பந்தலில் மின்சாரம் ஏறியிருந்தது. திராட்சைப் பந்தல் முழுக்கக் கம்பிதான். ஓரிடத்தில் ஏறினால் தோட்டம் பூராவும் ஏறும். காலையில் போனவன் போனவன்தான்.

இழவு வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இப்படி எல்லாவற்றையும் பாதியில் போட்டுவிட்டுப் போகிற ஆளா நீ என்று அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கருமாதி முடிந்து திரும்பி வருகிற பஸ்ஸில், சின்னமனூர் தாண்டின பிறகுதான் அழுதேன்.

கடையை மூடினார்கள். கம்ப்யூட்டர்களைச் சொந்தக்காரர்கள் யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லைப்ரரியின் பிரதி என்னிடம் இருந்தது. அவன் பெயரில் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது இதுதான், இதையாவது சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. அடுத்த பதிப்புக்கு இனிமேல் எதையும் வாங்குவதில்லை என்று கதவை அடைக்கப்போகிறார்கள், அதற்கு முன்னால் உள்ளே தள்ளிவிட வேண்டும். உரிமத்தைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை. அதாவது, யோசிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அது கரண்ட் இல்லாத காலம். கரண்ட் இருக்கும்போது நெட் இருக்காது, நெட் இருக்கும்போது கரண்ட் இருக்காது. பொதியைக் கட்டி முடிக்கிற நேரம் பார்த்து மெஷின் அணையும். மறுபடி முதலிலிருந்து. சோதனை செய்கிற ஒரு நிரல் உண்டு, கட்டின பொதியில் குற்றம் குறை கண்டுபிடிப்பதே அதன் வேலை. எங்கள் பிரின்சிபாலே பரவாயில்லை என்று தோன்றும். இந்தக் கோப்பு இடம் மாறியிருக்கிறது, இந்த விளக்கம் போதாது, இந்த வரிக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் சரி செய்து, அது வாயை மூடின அன்றைக்கு, அவன் சமாதிக்குப் பூப்போட்ட மாதிரி ஒரு நிம்மதி. அனுப்பிவைத்தேன்.

புதிதாக வருகிற பொதிகள் ஒரு வரிசையில் நிற்கும். அங்கே இருக்கிற ஆள் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, இதை யார் எழுதியது, கொடுக்க அவருக்கு உரிமை உண்டா, கொடுத்ததற்கு ஆதாரம் எங்கே என்று பார்ப்பார். சம்பளம் கிடையாது, ஆனால் ரிஜிஸ்தர் ஆபீஸில்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர் ஊரிலிருந்து எனக்குப் பதில் வந்தது. நல்ல வேலை, தமிழுக்கு இப்படி ஒன்று வருவதில் மகிழ்ச்சி. ஆனால் மாற்றவும் பகிரவும் உரிமம் எதுவும் காணோம். எழுதியவரிடம் ஒரு வரி மெயில் வாங்கி அனுப்பினால் போதும்.

எழுதியவர் இறந்துவிட்டார் என்று எழுதினேன். மிகவும் மரியாதையாகத் துக்கம் தெரிவித்தார். அடுத்த வரியில், அப்படியானால் உரிமை வாரிசுகளைச் சேரும், அவர்கள் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். கதவு அடைக்க இன்னும் சில மாதம் இருந்தது. இது ஒரு விஷயமே இல்லை என்று நினைத்துக்கொண்டு ஓடைப்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

அவன் அம்மா முன்னமே போய்விட்டார். அவன் அப்பா தோட்டத்து வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். கையெல்லாம் கொடிக்கு மருந்தாக அடிக்கிற மயில்துத்தக் கறை. நான் சொன்னதை முழுக்கக் கேட்கக்கூட இல்லை.

"எடுத்துட்டுப் போ தம்பி. எங்களுக்கு அது என்னத்துக்கு? நாலு பேருக்கு ஆகுதுன்னா ஆகட்டும். எங்கன கையெழுத்துப் போடணும்?"

எழுதிக்கொண்டு போயிருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். சிநேகிதனின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்வாசலில் நின்றாள். காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வேலை இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

கையெழுத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். மறுபடி மரியாதையாகப் பதில் வந்தது. நன்றி. ஒரே ஒரு சந்தேகம். இவர் தந்தை என்கிறீர்கள், இறந்தவருக்கு மனைவி உண்டா? குழந்தைகள் உண்டா? அப்படி இருந்தால் அவர்களுடைய சம்மதம் அல்லவா வேண்டும்?

அந்த மனிதன் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம். பத்து கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு ஓடைப்பட்டியில் யார் யாருக்கு என்ன உறவு என்பதில் என்ன அக்கறை? அவனுக்கும் பதில் சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருந்திருக்கும். உண்டு என்று எழுதினேன். பொய் எழுத எனக்குக் கை வரவில்லை.

இரண்டாவது தடவை போனபோது அவன் அப்பா வீட்டில் இல்லை. அவள்தான் இருந்தாள். வாசல் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு நிலைப்படியில் நின்றுகொண்டு கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயா கையெழுத்துப் போட்டாகள்ல?"

"அவுக போட்டது செல்லாதாம் தங்கச்சி. நீ போடணுமாம்."

"ஏன்?"

"அது உன்னோடதும் பாப்பாவோடதும். அவன் எழுதினது. அவனுக்குப் பெறகு உங்களுக்குத்தான் பாத்தியம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்துப் பேசினதே அன்றைக்குத்தான்.

"அவரு வண்டியை ஐயா அவுக தம்பி மகனுக்குக் கொடுத்துட்டாக. ஒரு வார்த்தை என்னையக் கேக்கல. கம்ப்யூட்டரு எல்லாம் யாரு வீட்டுல இருக்குன்னே தெரியாது. தோட்டத்துல அவரு பங்கைக் கேட்டா, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இப்ப, பெறகு பாப்போம்ங்கிறாக. இது மட்டும் எங்களுதாண்ணே?"

"ஆமா. சட்டப்படி உங்களுது."

"அப்ப இது இருக்கட்டும். நான் யாருக்கும் கொடுக்கல."

இது அப்படிப்பட்ட சொத்து இல்லை, கொடுத்தாலும் உன்னிடமே இருக்கும், எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் அவன் விரும்பினான் என்று ஏதேதோ சொன்னேன். அவன் விருப்பத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் கண் கலங்கிற்று, ஆனால் தலையை ஆட்டவில்லை. அவள் மாமனார் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுக்கிற மனுஷன். ஊரில் அவருக்கு நல்ல பெயர். அந்தத் தாராளத்தில் அவள் வீடு காலியாகிக்கொண்டிருந்தது. நானும் அந்தக் கேட்கிற கூட்டத்தில் ஒருத்தன், அவ்வளவுதான். கொடுக்க மனசு இருந்தவருக்கு உரிமை இல்லை, உரிமை இருந்தவளுக்குக் கொடுக்க வழியில்லை.

அடுத்த தடவை நான் போவதற்குள் அவள் தோட்டத்துப் பங்குக்காகக் கேஸ் போட்டுவிட்டாள். மாமனார் வீட்டை விட்டு, ராயப்பன்பட்டிப் பக்கம் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அங்கேயும் போனேன். ஒரு தடவை திராட்சை வாங்கிக்கொண்டு போனேன், திராட்சைத் தோட்டத்துக்காரிக்குத் திராட்சை! வேறொரு தடவை குழந்தைக்கு கவுன் எடுத்துக்கொண்டு போனேன். என் மனைவி, "என்னங்க, பொண்ணு கேட்டுப் போற மாதிரில்ல போறீக" என்று கேலி செய்தாள். பிறகு அவளுக்கும் கேலி செய்ய மனசு வரவில்லை.

கடைசியாகப் போன அன்றைக்கு அவள் தெளிவாக இருந்தாள். வக்கீலிடம் கேட்டிருக்கிறாள்.

"பாப்பா மைனருண்ணே. மைனர் சொத்துல நானா கையெழுத்துப் போட்டாலும் செல்லாதாம். கோர்ட்டுல உத்தரவு வாங்கணுமாம். அவ மேஜரானதும், 'எங்கம்மா போட்டது செல்லாது'ன்னு அவளே சொல்லலாமாம்."

எனக்கும் அது தெரியும். விவசாயக் குடும்பத்தில் பிறந்த எவனுக்கும் தெரியும். மைனர் பங்கு இருக்கிற நிலத்தை எங்கள் பக்கம் யாரும் தொட மாட்டார்கள். இதை எவரும் கிளப்பாமல் இருக்க வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தவன் நான்.

"தங்கச்சி, நிலம் மாதிரி இல்ல இது. இதை வித்து ஒரு பைசா வாங்க முடியாது. இதுக்கு வெலையே கிடையாது. இப்படியே வச்சிருந்தா ஒண்ணுத்துக்கும் ஆகாமப் போயிரும். நான் சொல்றதை நம்பு."

அவள் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் கேட்டாள்.

"வெலையில்லாததுக்கு எதுக்குண்ணே இத்தனை தரம் வாரீக?"

உன் புருஷன் மேல் இருக்கிற பிரியத்தில் வருகிறேன் என்று சொன்னால் அவளே நம்புவாளா? நான் அவன் பெயரைக் காப்பாற்ற வந்தேன், அவள் அவன் பிள்ளையைக் காப்பாற்ற நின்றாள். இரண்டில் எது நியாயம் என்று யாரைக் கேட்டாலும் அவள் பக்கம்தான் சொல்லுவார்கள். நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இவ்வளவையும் அந்த ஐரோப்பாக்காரருக்கு எழுதினேன். மைனர், கோர்ட்டு, பங்கு எல்லாம் விளக்கி எழுதினேன். எதற்கு எழுதினேன் என்று எனக்கே தெரியாது, யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவர் இரண்டு நாள் கழித்துப் பதில் போட்டார். நிலைமை புரிகிறது, வருந்துகிறேன், இப்போதைக்குப் பொதியைத் திருப்பி அனுப்புகிறேன், அந்தக் குழந்தை வளர்ந்து சம்மதம் தந்தால் அப்போது மறுபடி அனுப்புங்கள். கிண்டல் இல்லை. மெய்யாகவே அப்படித்தான் எழுதியிருந்தார்.

பாலிடெக்னிக்கில் கூட வேலை பார்த்த ஒருத்தர், "சார், அவரோட மெயில் பாஸ்வேர்டு உங்ககிட்ட இருக்குங்கிறீக. அதுல பழைய தேதி போட்டு, அவரே உரிமம் எழுதி அனுப்பின மாதிரி ஒரு மெயிலைச் செஞ்சுவிட வேண்டியதுதானே? எவன் வந்து பாக்கப் போறான்?" என்றார். எவனும் வந்து பார்க்க மாட்டான். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. அவன் எப்படி எழுதுவான் என்று எனக்குத் தெரியும். அவனைவிட நன்றாகவே அவன் மாதிரி எழுதியிருப்பேன். ஆனால் அவள் கொடுக்கல என்று சொன்ன பிறகு அது திருட்டு. வண்டியை எடுத்தார்கள், கம்ப்யூட்டரை எடுத்தார்கள், நான் இதை எடுத்தேன் என்று ஆகும். செய்யவில்லை. செய்யாததில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, வயிற்றெரிச்சல்தான்.

கதவு அடைத்தார்கள். புதுப் பதிப்பு வெளிவந்தது. அதில் ஆயிரக்கணக்கான பொதிகள் இருந்தன, இது இல்லை. கொஞ்ச நாளில் இந்த லைப்ரரி எழுதப்பட்ட கணினி மொழியே அடுத்த பதிப்புக்கு மாறிற்று. அதில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். பெயர்கள் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் வந்தன. எங்கே உடைந்திருக்கிறது என்று ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்துவிட்டேன். சின்னத் திருத்தம். என் மெஷினில் திருத்தி ஓட்டலாம், அதை இன்னொருத்தருக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை, பழைய பிரதியை எங்கேயோ எடுத்து வைத்திருந்தவர், இப்போது ஓடவில்லையே, சரி செய்து தர முடியுமா என்று கேட்டு எழுதினார். முடியாது என்று ஒரே வரியில் பதில் போட்டேன். காரணம் எழுதவில்லை. அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ.

பிறகு வேறு யாரோ புதிதாக ஒரு லைப்ரரி எழுதினார்கள். அதில் அகர வரிசை சரியாக வராது, மெய்யெழுத்து வருகிற இடத்தில் எல்லாம் உதைக்கும். ஆனால் உரிமம் ஒழுங்காக எழுதியிருந்தார்கள். அது உள்ளே போயிற்று. எல்லாரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். நானும் வகுப்பில் அதைத்தான் நடத்தினேன்.

அதற்கு அடுத்த கோடையில் ஒரு நாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். குழந்தைக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. தேனியில் ஏதோ ஜோலியாக வந்தவள் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். என் மனைவி சாப்பிடச் சொன்னதற்கு, வேண்டாம் மதினி, நேரமாச்சு என்றாள். கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ராசியாப் போயிட்டோம்ணே. வாய்தா வாய்தான்னு எத்தனை நாளைக்கு அலையுறது? எங்கம்மாவுக்கும் முடியல. கொடுத்ததை வாங்கிக்கிட்டு எழுதிக் கொடுத்துட்டேன். கோர்ட்டுலயே உத்தரவு வாங்கிட்டாக, இவ பங்குக்கும் சேத்து."

"தோட்டம் பூராவுமா?"

"ஆமா. போகட்டும். இவளுக்கு அவுக அப்பா பேர்ல அது ஒண்ணு இருக்குல்ல. நீங்க வந்து வந்து கேட்டீகளே, அது. அது போதும்னுட்டேன்."

அவள் அந்த லைப்ரரியை ஒரு சிடியில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கத்தான் வந்திருந்தாள். பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வாளாம். மகளுக்குப் பதினெட்டு ஆனதும் அவள் கையில் கொடுப்பாளாம், அப்புறம் விற்பதோ வைத்துக்கொள்வதோ மகள் பாடு.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று சொன்னேன். நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னேன்.

"தங்கச்சி, அது இப்பவே ஓடலம்மா. புது மெஷின் எதுலயும் ஓடாது. இவ வளந்து வாரப்ப அது யாருக்கும் எதுக்கும் ஆகாது. அதை நம்பி இருக்காத."

அவள் சிரித்தாள். என் மேல் கோபம் எதுவும் இல்லாத சிரிப்பு, சொந்த அண்ணன் ஏமாற்றப் பார்க்கும்போது தங்கச்சி சிரிப்பாளே, அந்த மாதிரி.

"அப்பவும் இப்படித்தானண்ணே சொன்னீக."

உள்ளே போய் சிடி எழுதினேன். கரண்ட் இருந்தது. வெளியே என் மனைவி குழந்தைக்கு முறுக்கு கொடுத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பழைய கோப்புகளைத்தான் எழுதினேன், நான் திருத்தியதை அல்ல. அவன் எழுதினபடியே இருக்கட்டும் என்று தோன்றிற்று.

சிடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதவில்லையே என்றாள். பேனா எடுத்து அவன் பெயரை எழுதப் போனேன்.

"அவரு பேரு வேணாம்ணே. பெறகு அவுக பங்காளிக பங்குக்கு வருவாக. இவ பேரை எழுதுங்க."

குழந்தையிடம் பெயரைக் கேட்டேன். முறுக்கை மென்றுகொண்டே சொன்னாள். இனிஷியலோடு சேர்த்து அதன் மேல் எழுதிக் கொடுத்தேன்.